பாரிசின் சிப்பி ஓடும் சென்னையின் இளநீர்க் கூடும்

வடசென்னையில் ஒரு சமுதாய நலக்கூடத்தில், குப்பையைத் தரம் பிரிப்பது பற்றிய பயிற்சி வகுப்பு நடந்துகொண்டிருந்தது. நாற்பது பேர் வந்திருந்தார்கள், பெரும்பாலும் பெண்கள். ஒரு தொண்டு நிறுவனம் ஐரோப்பிய நகரம் ஒன்றின் கையேட்டைத் தழுவி உருவாக்கிய சிறு நூலை நான் தமிழில் பெயர்த்திருந்தேன். படிப்பவர்களுக்கு எங்கே தடுக்கிறது என்று பார்ப்பதற்காக நானும் பின்வரிசையில் உட்கார்ந்திருந்தேன். பயிற்சியாளர் பச்சைத் தொட்டியையும் நீலத் தொட்டியையும் மேசைமேல் வைத்து, ஈரக் கழிவு பச்சைக்கு, உலர் கழிவு நீலத்துக்கு என்று விளக்கி முடித்ததும், முன்வரிசையிலிருந்து ஓர் அம்மா எழுந்தார். தெருமுனையில் இளநீர்க் கடை வைத்திருப்பவர் என்று பிறகு தெரிந்துகொண்டேன்.

"ஏம்மா, காஞ்ச சருகு இருக்குதே, அது உலர்ந்ததுதானே? ஆனா மக்கிப் போயிடுமே. போன வருசம் வந்தவங்க மக்கும் குப்பை பச்சையில போடுன்னு சொல்லிட்டுப் போனாங்க. நீங்க உலர்ந்தது நீலம்ங்கறீங்க. நான் எதுல போடறது? அப்புறம், என் கடையில தினம் நூறு இளநீர்க் கூடு சேருது. அது இந்த ரெண்டுலயும் நுழையவே நுழையாது."

பயிற்சியாளர் கையேட்டைப் புரட்டினார். அதில் பதில் இருக்காது என்பது எனக்குத் தெரியும். ஒவ்வொரு வரியையும் பெயர்த்தவள் நான். பீட்சா அட்டையில் எண்ணெய் பட்டிருந்தால் என்ன செய்வது என்று அதில் ஒரு பத்தி இருந்தது. கிறிஸ்துமஸ் முடிந்தபின் மரத்தை எந்த நாளில் வெளியே வைப்பது என்று ஒரு பத்தி இருந்தது. அந்த மரத்தைப் பற்றிய பத்தியை நான் 'பண்டிகை மரம்' என்று பெயர்த்துவிட்டு அடுத்த பக்கத்துக்குப் போயிருந்தேன். இளநீர் என்ற சொல் நூலில் ஓரிடத்திலும் இல்லை.

அந்த அம்மா கேட்ட கேள்வியின் முதல் பாதியை அன்று இரவு முழுவதும் நினைத்துக்கொண்டிருந்தேன். 2016ஆம் ஆண்டின் திடக்கழிவு மேலாண்மை விதிகள் வீட்டுக் குப்பையை மக்கும் கழிவு, மக்காத கழிவு, வீட்டு அபாயக் கழிவு என்று மூன்றாகப் பிரிக்கச் சொல்லியிருந்தன. தோட்டக் கழிவைத் தனியாக வைக்கவும் அவற்றில் இடமிருந்தது. 'மக்கும் குப்பை, மக்காத குப்பை' என்ற இணை, பள்ளிச் சுவர்களிலிருந்தும் குப்பை வண்டியின் ஒலிபெருக்கியிலிருந்தும் நம் காதில் ஏறி, இன்று எழுதப் படிக்கத் தெரியாதவர்கூடச் சொல்லும் சொல்லாகிவிட்டது. வெளியூர்க் கையேடோ குப்பையை ஈரம், உலர்வு என்று வகுத்திருந்தது. இரண்டு இணைகளும் ஒன்றுபோலத் தோன்றினாலும் அவை குப்பையை ஒரே இடத்தில் வெட்டுவதில்லை. சருகும் தேங்காய் நாரும் உலர்ந்தவை, ஆனால் மக்குபவை. பால் ஒட்டியிருக்கும் பாக்கெட் ஈரமானது, ஆனால் மக்காதது. இத்தனை ஆண்டுகள் சொற்களோடு புழங்கும் எனக்குத் தெரியாத இந்த விரிசல், தினமும் கையால் குப்பை அள்ளும் ஒருவருக்கு ஒரே நொடியில் தெரிந்துவிட்டது.

பதினெட்டு ஆண்டுகளாக நான் செய்துவரும் வேலை இது. அரசுத் துறைகளுக்கும் தொண்டு நிறுவனங்களுக்கும் ஆங்கிலத்தில் வரும் கொள்கை ஆவணங்களைத் தமிழாக்கித் தருகிறேன். சில கூட்டங்களில் இருபுறமும் பேசுவதை மாற்றிச் சொல்லும் வேலையும் உண்டு. வேறொரு நாட்டில் அல்லது மாநிலத்தில் பலன் தந்த ஒரு திட்டம் இங்கே வந்து சேரும்போது, அது கடந்து வரும் கதவுகளில் கடைசிக் கதவுதான் என் மேசை. எல்லாம் முடிவாகி, நிதி ஒதுக்கி, தொடக்க விழாவுக்கு நாள் குறித்தபின், "அடுத்த வாரம் அச்சுக்குப் போகணும் மேடம்" என்ற சொல்லோடு கோப்பு வந்து விழும். மக்களிடம் பேசுவது என்பது முடிவெடுத்தபின் செய்ய வேண்டிய காரியம் என்று இந்த வேலையில் உள்ள ஏறக்குறைய எல்லோரும் மனதார நம்புகிறார்கள். நானும் நீண்ட நாள் அப்படித்தான் நம்பினேன். வெளியிலிருந்து வந்த ஒரு திட்டம் இந்த ஊருக்குரியதாக மாறுவது அந்தப் பேச்சுக்குள்தான் என்றும், பேச்சைக் கடைசியில் வைத்தால் மாற வேண்டியது மாறாமலே வந்து சேர்கிறது என்றும் இப்போது உறுதியாக எண்ணுகிறேன்.

குப்பையைப் பிரிப்பது ஐரோப்பாவிலேயே ஒரு தகராறோடுதான் தொடங்கியது. பாரிசை உள்ளடக்கிய சேன் மாவட்டத்தின் நிர்வாகத் தலைவராக இருந்த யூஜின் பூபெல், வீட்டு உரிமையாளர்கள் மூடியுள்ள தொட்டிகளை வைத்தே தீரவேண்டும் என்று 1883ஆம் ஆண்டின் இறுதியில் ஆணையிட்டார். அழுகும் பொருள்களுக்கு ஒன்று, காகிதத்துக்கும் கந்தல் துணிக்கும் ஒன்று, கண்ணாடிக்கும் பீங்கானுக்கும் சிப்பி ஓட்டுக்கும் ஒன்று என்று மூன்று. இன்றும் பிரெஞ்சு மொழியில் குப்பைத் தொட்டிக்கு அவர் பெயர்தான் வழங்குகிறது. அந்த மூன்றாவது தொட்டிதான் என்னை நிறுத்தியது. பாரிஸ்காரர்கள் சிப்பியை விரும்பி உண்பவர்கள். அந்த ஓடுகள் மலைபோலக் குவிந்திருக்க வேண்டும். ஆகவே ஆணை எழுதியவர் தம் ஊர்த் தெருவைப் பார்த்து, தம் ஊர்க் குப்பைக்கு ஒரு தொட்டி ஒதுக்கியிருக்கிறார். நாமோ பிரிக்கும் முறையை எடுத்துக்கொண்டோம். நம் தெருவைப் பார்த்து ஒரு தொட்டி ஒதுக்கும் பழக்கத்தை அங்கேயே விட்டுவிட்டோம். மெரினாவிலிருந்து மாதவரம் வரை சித்திரை, வைகாசியில் ஒவ்வொரு நடைபாதை ஓரத்திலும் குவிந்து கிடப்பவை இளநீர்க் கூடுகள். அந்த அம்மாவின் கேள்வி, பூபெல் தமக்குத் தாமே கேட்டுக்கொண்டிருக்கக்கூடிய கேள்விதான்.

பூபெலின் ஆணையை எதிர்த்துக் குரல் எழுப்பியவர்களில் பாரிசின் கந்தல் பொறுக்குவோரும் இருந்தார்கள். தெருவில் கொட்டிய குப்பையிலிருந்து துணியும் எலும்பும் எடுத்து விற்று வாழ்ந்தவர்களுக்கு, மூடிய தொட்டி என்பது அணைந்த அடுப்பு. பெருங்குடியிலும் கொடுங்கையூரிலும் குப்பை மேட்டை நம்பி வாழ்ந்த குடும்பங்களுக்கும் இதே நிலை வந்தது. நல்ல வேளையாக, 2016ஆம் ஆண்டின் விதிகள் குப்பை பொறுக்குவோரை உள்ளாட்சியின் ஏற்பாட்டுக்குள் சேர்த்துக்கொள்ளச் சொல்லியிருந்தன. ஆனால் எனக்கு வந்த கையேட்டில் அவர்களைப் பற்றி ஒரு வரியும் கிடையாது. எந்த நகரத்திலிருந்து அது வந்ததோ அங்கே அப்படி ஒரு தொழில் இன்று கண்ணில் படுவதில்லை. கண்ணில் படாததை அவர்கள் எப்படி எழுதுவார்கள்? நாமல்லவா கேட்டிருக்க வேண்டும்.

கூட்டம் முடிந்து தேநீர் கொடுத்தபோது, கதவோரம் நின்றிருந்த தூய்மைப் பணியாளர் ஒருவரிடம் பேச்சுக் கொடுத்தேன். இருபது ஆண்டுகளாக அந்தப் பகுதியில் வேலை பார்ப்பவர். கையேட்டை அவரிடம் யாராவது காட்டினார்களா என்று கேட்டேன். "எங்களுக்கு எதுக்கும்மா புக்கு? ஜனங்களுக்குத்தானே கிளாஸு" என்றார். பிறகு தானாகவே, ஒரு தெருவில் எந்த வீட்டில் பிரித்துத் தருகிறார்கள், எந்த வீட்டில் வேலைக்கு வரும் பெண்ணிடம் பையை முடிந்து கொடுத்துவிடுகிறார்கள், எந்த அடுக்ககத்தில் காவலாளியிடம் சொன்னால் காரியம் நடக்கும், எந்தக் கிழமையில் மீன் கழிவு அதிகம் என்று அரைமணி நேரம் சொன்னார். கையேட்டின் அறுபது பக்கங்களைவிட அந்த அரைமணி நேரம் கனமானது. 'இரவே தொட்டியை வாசலில் வைக்கவும்' என்ற வரியைப் படித்துக் காட்டினேன். தெரு நாயும் மாடும் விடியும்வரை பொறுத்திருக்குமா என்று அவர் திருப்பிக் கேட்டார்.

நாம் 'தகவல் தொடர்பு' என்று சொல்லும்போது அரசிலிருந்து மக்களுக்குப் போகும் ஒரே பாதையை நினைக்கிறோம். வெளியூர்த் திட்டத்தைச் சுமந்து நிற்பவர் யாரோ அவருக்கும் மேலே இருப்பவருக்கும் இடையிலான பாதை ஒன்று உண்டு. அது பெரும்பாலும் கீழ்நோக்கி மட்டுமே திறந்திருக்கிறது. வீட்டில் பிரித்துக் கொடுத்த குப்பை வண்டியில் ஒன்றாகக் கொட்டப்படுவதை ஒரு முறை பார்த்த இல்லத்தரசி, அதற்குப் பிறகு எத்தனை துண்டறிக்கை கொடுத்தாலும் நம்பமாட்டார். வண்டி சொல்வதும் ஒரு செய்திதான். துண்டறிக்கையைவிட உரக்கச் சொல்லும் செய்தி. அந்த வண்டியை ஓட்டுபவரோடு யாரும் உட்கார்ந்து பேசாமல் அந்தச் செய்தியை மாற்ற முடியாது.

'விழிப்புணர்வு' என்ற சொல் எனக்கு இப்போது உறுத்துகிறது. எந்த ஆவணத்திலும் ஒரு பக்கத்துக்கு நான்கு முறை வரும் சொல் அது. எதிரில் இருப்பவர் உறங்குகிறார், நாம் போய் எழுப்ப வேண்டும் என்று அந்தச் சொல் முதலிலேயே தீர்மானித்துவிடுகிறது. இளநீர்க் கடை அம்மா விழித்துத்தான் இருந்தார். விழித்திருந்ததால்தான் கேட்டார்.

சொல் ஒன்று தவறாக விழுந்தால் என்ன ஆகும் என்பதற்கு வேறொரு நாள் நினைவு வருகிறது. சாலையோர வியாபாரிகளின் கூட்டம் ஒன்றில் மாற்றிச் சொல்லும் வேலைக்குப் போயிருந்தேன். ஆங்கிலத்தில் பேசியவர் 'ஸ்டேக்ஹோல்டர்' என்றபோதெல்லாம் நான் 'பங்குதாரர்' என்றேன்; ஆவணங்களில் எல்லோரும் எழுதும் சொல் அதுதான். "நீங்கள் எல்லோரும் இந்தத் திட்டத்தின் பங்குதாரர்கள்" என்று நான் சொல்லி முடித்ததும், பூ விற்கும் பெண் ஒருவர் கேட்டார்: "எங்களுக்கு எத்தனை பங்கும்மா?" அறையில் சிலர் சிரித்தார்கள். அவர் சிரிக்கவில்லை. பங்குதாரர் என்றால் கூட்டு வியாபாரத்தில் பணம் போட்டவர், லாபத்தில் பங்கு உள்ளவர் என்றுதான் தமிழ் அறிந்த எவருக்கும் பொருள்.

அந்த இடத்திலேயே நான் திருத்திக்கொண்டு, 'இந்தத் திட்டத்தால் யாருடைய பிழைப்பு மாறுமோ அவர்கள்' என்று விரித்துச் சொன்னேன். ஆனால் வீடு திரும்பும் வழியில், மாம்பலம் நிலையத்தில் வண்டிக்குக் காத்திருந்தபோதுதான் ஒன்று உறைத்தது. அந்தப் பெண்ணின் கேள்விக்கு நேரான விடை சட்டத்திலேயே இருக்கிறது. 2014ஆம் ஆண்டின் சாலையோர வியாபாரிகள் சட்டப்படி அமைக்கப்படும் நகர விற்பனைக் குழுவில், வியாபாரிகள் தங்களுக்குள் தேர்ந்தெடுக்கும் பிரதிநிதிகள் 40 சதவீதத்துக்குக் குறையாமல் இருக்க வேண்டும். அவர்களில் மூன்றில் ஒரு பங்கு பெண்கள். அந்தச் சட்டமே நெடுந்தூரம் பயணம் செய்து வந்தது. அகமதாபாத்தில் 1972இல் இலா பட் தொடங்கிய, சுயதொழில் செய்யும் பெண்களுக்கான சேவா சங்கத்தின் அனுபவம், 1995இல் இத்தாலியின் பெல்லாஜியோவில் சாலையோர வியாபாரிகளுக்காக வெளியிடப்பட்ட பன்னாட்டுப் பிரகடனம், 2004இன் தேசியக் கொள்கை என்று பல கைகள் மாறி வந்து சேர்ந்த உரிமை அது. 40 என்ற எண்ணைச் சொல்லியிருந்தால் அந்தப் பெண் நிமிர்ந்து உட்கார்ந்திருப்பார். மேடையிலிருந்த எவரும் சொல்லவில்லை, நானும் சொல்லவில்லை. தியாகராய நகரின் பாண்டி பஜாரில், 2013இல் நடைபாதைக் கடைகள் அடுக்குமாடி வணிக வளாகத்துக்கு மாற்றப்பட்டதையும், மாடிப்படி ஏறி வாங்க ஆள் வருவதில்லை என்று அங்கே போனவர்கள் குறைப்பட்டதையும் அறிந்த வியாபாரிகள், புதிய திட்டம் என்றதும் முதலில் 'எங்களுக்கு என்ன' என்று கேட்பது இயல்பு. அந்தக் கேள்விக்கு விடை சொல்வதிலிருந்துதான் பேச்சைத் தொடங்கியிருக்க வேண்டும்.

எதிர்த்திசையிலும் ஒரு முறை இதைப் பார்த்திருக்கிறேன். நம் காலை உணவுத் திட்டம் 2022 செப்டம்பர் 15 அன்று மதுரையில் தொடங்கி, 2023 ஆகஸ்ட் 25 முதல் மாநிலம் முழுவதும் அரசுத் தொடக்கப் பள்ளிகளுக்கு விரிந்தது. அதைப் பார்த்துப் போக வெளியூரிலிருந்து ஒரு சிறு குழு வந்திருந்தது. சென்னையை அடுத்த ஒரு கிராமப் பள்ளிக்கு அவர்களோடு நானும் போனேன். காலை ஆறரை மணி. ரவை கிச்சடி வெந்துகொண்டிருந்தது. வந்தவர்கள் ஒரு பிள்ளைக்கு எத்தனை கிராம் ரவை, எத்தனை ரூபாய், அடுப்பு எந்த அளவு, பொருள் எத்தனை நாளுக்கு ஒருமுறை வருகிறது என்றெல்லாம் பொறுப்பாகக் கேட்டார்கள்; அனைத்தையும் குறித்துக்கொண்டார்கள். கடைசியில் ஒருவர், உணவு தரமாக இருப்பதை எப்படி உறுதி செய்கிறீர்கள் என்று கேட்டார். சமைத்துக்கொண்டிருந்த பெண் கரண்டியை வைத்துவிட்டு என்னைப் பார்த்துச் சொன்னார்: "என் பையனும் இங்கதான்மா மூணாவது படிக்கிறான். அவன் சாப்பிடறதத்தானே நான் ஆக்கறேன்."

நான் அதை ஆங்கிலத்தில் சொன்னேன். அவர்கள் புன்னகைத்தார்கள், எழுதிக்கொள்ளவில்லை. உணர்ச்சிகரமான ஒரு வாக்கியம் என்று எடுத்துக்கொண்டிருப்பார்கள். உண்மையில் அவர் சொன்னது திட்டத்தின் ஒரு விதி. சமைப்பவர் மகளிர் சுயஉதவிக் குழுவின் உறுப்பினராகவும், அதே பள்ளியில் படிக்கும் பிள்ளையின் தாயாகவும் இருக்க வேண்டும் என்பது வழிகாட்டு நெறிமுறையிலேயே இருக்கிறது. ஆயிரம் ஆய்வாளர்களை நியமித்தாலும் கிடைக்காத கண்காணிப்பு அந்த ஒரு வரிக்குள் இருக்கிறது. நான் வண்டியில் திரும்பும்போது அதை மீண்டும் எடுத்துச் சொன்னேன். குழுவில் இளையவர் ஒருவர் மட்டும் குறிப்பேட்டைத் திறந்தார். நம் அதிகாரிகள் வெளிநாடு போய் வரும்போதும் இப்படித்தானே நடந்திருக்கும் என்று அன்று முழுவதும் எண்ணம் ஓடியது. எண்ணிக்கையும் புகைப்படமும் பெட்டியில் வந்து சேர்ந்திருக்கும். அங்கே கரண்டி பிடித்தவர் சொன்னது வந்திருக்காது.

தண்ணீர் விஷயத்தில் இந்த விடுபடல் இன்னும் கூர்மையாகத் தெரிகிறது. 2019 கோடையில் பூண்டி, சோழவரம், செங்குன்றம், செம்பரம்பாக்கம் ஆகிய நான்கு ஏரிகளும் ஏறக்குறைய வறண்டு, ஜூலையில் ஜோலார்பேட்டையிலிருந்து ரயிலில் தண்ணீர் வந்தபின், இந்த நகரத்தில் நடந்த எந்தக் கருத்தரங்கிலும் சிங்கப்பூர் என்ற பெயர் வராமல் இருந்ததில்லை. கழிவுநீரை மிக நுண்ணிய வடிகட்டிகள் வழியாகவும் எதிர் சவ்வூடு பரவல் (ஆர்.ஓ.) முறையிலும் தூய்மையாக்கிக் குடிக்கும் தரத்துக்குக் கொண்டுவந்த அவர்களுடைய நியூவாட்டர் திட்டம் உலகறிந்தது. ஆனால் கருத்தரங்குகளில் சவ்வின் துளை அளவைப் பற்றிப் பேசிய அளவுக்கு, சிங்கப்பூர் தன் மக்களிடம் எப்படிப் பேசியது என்பதை யாரும் பேசவில்லை. 2000இல் மாதிரி ஆலை. நிபுணர் குழு இரண்டு ஆண்டுகள் ஆராய்ந்து 2002இல் அறிக்கை. அந்த ஆண்டு தேசிய நாள் விழாவில் பிரதமர் கோ சோக் டோங்கும் பல்லாயிரம் மக்களும் அந்த நீரைக் கையில் ஏந்திக் குடித்தது. 2003இல் யாரும் உள்ளே போய்ப் பார்க்கக்கூடிய பார்வையாளர் கூடம். கழிவுநீர் என்ற சொல்லையே விலக்கிவிட்டு, 'பயன்படுத்திய நீர்' என்று அங்கே சொல்லத் தொடங்கினார்கள்.

ஆஸ்திரேலியாவின் டூவூம்பா நகரத்தில் இதே தொழில்நுட்பம், இதே அறிவியல். கடும் வறட்சியில் இருந்த ஊர் அது. மத்திய அரசு நிதி தர வேண்டுமானால் மக்களிடம் வாக்கெடுப்பு நடத்த வேண்டும் என்று நிபந்தனை வந்தது. நகராட்சி நிதானமாக விளக்கி முடிப்பதற்குள் எதிர்ப்பாளர்கள் வீடு வீடாகப் போய்விட்டார்கள். 2006 ஜூலை 29 அன்று ஏறத்தாழ 62 சதவீதம் பேர் வேண்டாம் என்றார்கள். இவ்விரு கதைகளையும் அருகருகே வைத்து, சிங்கப்பூரின் விளம்பர உத்தியைத் தமிழில் செய்தால் போதும் என்று ஒரு ஆலோசகர் ஒருமுறை எனக்குச் சொன்னார். அதை என்னால் ஏற்க முடியவில்லை.

எங்கள் வீட்டுச் சமையலறையில் மூன்று தண்ணீர் இருக்கிறது. பாத்திரம் கழுவ போர் தண்ணீர். சமைக்க மெட்ரோ தண்ணீர், அதையும் அம்மா எவர்சில்வர் குடத்தில் பிடித்து வைத்துத் தெளிந்தபின்தான் எடுப்பார். குடிக்கக் கேன் தண்ணீர். இந்த நகரத்தில் நடுத்தரக் குடும்பங்கள் பலவற்றில் இதுதான் ஏற்பாடு. குழாயைத் திறந்து அப்படியே குடிக்கும் பழக்கம் உள்ள ஊரில், 'இந்த நீரும் அந்த நீரைப்போலத் தூயது' என்று சொன்னால் அதற்கு ஒரு பொருள் உண்டு. குழாய்த் தண்ணீரில் கொஞ்சம் நிறம் மாறினாலும் சாக்கடை கலந்துவிட்டதோ என்று முகர்ந்து பார்க்கும் ஊரில் அதே வாக்கியத்துக்கு எதிர்ப்பொருள்தான் விளையும். சிங்கப்பூரில் அந்தப் பேச்சுக்கு அடியில் பல ஆண்டுகளாகத் திரண்ட நம்பிக்கை இருந்தது. துண்டறிக்கையைப் பெயர்க்கும்போது அந்த நம்பிக்கை கூடவே பெயர்ந்து வராது. நம்மிடம் அந்தப் பேச்சு வேறொரு இடத்தில் தொடங்க வேண்டும்: நேற்று ஒருவர் தண்ணீர் நாற்றமடிக்கிறது என்று புகார் கொடுத்தாரே, அதற்கு என்ன ஆயிற்று என்று அவருக்கு இன்று சொல்வதில்.

இங்கே நடந்தது வேறு வழி. கோயம்பேட்டிலும் கொடுங்கையூரிலும் நாளொன்றுக்குத் தலா 4.5 கோடி லிட்டர் அளவுள்ள சுத்திகரிப்பு ஆலைகள் 2019இல் வந்தன. கோயம்பேட்டு நீர் ஸ்ரீபெரும்புதூர், ஒரகடம் பக்கத்துத் தொழிற்சாலைகளுக்கும், கொடுங்கையூர் நீர் மணலித் தொழிற்சாலைகளுக்கும் போகிறது. வீட்டுக் குழாயில் கைவைக்காமல், தொழிற்சாலைகள் எடுத்துக்கொண்டிருந்த நன்னீரை மக்களுக்கு மிச்சப்படுத்தும் ஏற்பாடு. இது சென்னைக்கு ஏற்ற நல்ல தழுவல் என்பது என் கருத்து. ஆனால் இதன் அருமை நகரத்தில் பலருக்குத் தெரியாது, ஏனென்றால் யாரும் சொல்லவில்லை. சுத்திகரித்த நீரைப் போரூர் ஏரி போன்றவற்றில் விடுவது பற்றிய பேச்சு எழும்போது, இந்த அனுபவத்தை மக்கள் அறிந்திருந்தால் அந்த உரையாடல் அச்சத்திலிருந்து தொடங்காது. ஆலை வாசலைத் திறந்து, பள்ளிப் பிள்ளைகளையும் லாரித் தண்ணீருக்குக் குடம் வரிசையில் வைத்து நின்ற பெண்களையும் உள்ளே அழைத்துக் காட்டலாம். சிங்கப்பூரிடமிருந்து நாம் எடுத்துக்கொள்ள வேண்டியவற்றில் முதலாவது அந்தப் பார்வையாளர் கூடம் என்றே சொல்வேன்.

இந்த ஊர் ஒன்றை நன்றாகத் தழுவிக்கொண்டதையும் சொல்ல வேண்டும். நெகிழிப் பைக்குத் தடை என்பது வெளியிலிருந்து வந்த எண்ணம்தான். வங்கதேசம் 2002இல் மெல்லிய பைகளைத் தடை செய்தது. அயர்லாந்து அதே ஆண்டு பைக்கு 15 சென்ட் வரி போட்டது. தமிழ்நாட்டில் 2019 ஜனவரி 1 முதல் ஒருமுறை பயன்படுத்தித் தூக்கி எறியும் 14 வகை நெகிழிப் பொருள்களுக்குத் தடை வந்தது. முதல் சில மாதம் சோதனையும் அபராதமுமாகப் போனது. பிறகு பைகள் மெல்லத் திரும்பின. தடை என்ற சொல் எதை விடவேண்டும் என்று சொன்னது. எதைப் பிடிக்க வேண்டும் என்று சொல்லவில்லை.

2021 டிசம்பரில் 'மீண்டும் மஞ்சப்பை' என்று இயக்கம் தொடங்கியபோது, அந்தப் பெயரைக் கேட்டு நான் வேலையை நிறுத்திவிட்டுச் சற்று உட்கார்ந்தேன். மஞ்சள் பை நம் வீடுகளில் கல்யாணத் தாம்பூலத்தோடு வந்த பை. துணிக்கடையில் ஜவுளியோடு கொடுத்த பை. ஊரிலிருந்து வரும் தாத்தா அக்குளில் இடுக்கிக்கொண்டு வந்த பை. இடையில் ஒரு தலைமுறை அதைக் கண்டு கூச்சப்பட்டது; மஞ்சப்பையோடு வந்து இறங்குபவன் விவரமில்லாதவன் என்று ஒரு ஏளனம் ஒட்டிக்கொண்டது. மஞ்சள் கடுதாசி என்றால் கடனில் மூழ்கியவன் என்ற பொருளும் அந்த நிறத்துக்கு நிழலாக இருந்தது. இவை அனைத்தையும் தெரிந்த யாரோ, 'மீண்டும்' என்ற ஒரு சொல்லை முன்னால் வைத்து அந்தக் கூச்சத்தைப் பெருமையாகத் திருப்பினார்கள். எந்த வெளிநாட்டுக் கையேட்டிலிருந்தும் அந்தப் பெயர் வந்திருக்க முடியாது. பை இல்லாத குறை இன்னும் தீரவில்லை, மளிகைக் கடையில் இன்றும் மேசைக்கடியிலிருந்து நெகிழிப் பை வருகிறது என்பது உண்மை. ஆனாலும் எங்கள் தெருக் காய்கறிக் கடையில், "மஞ்சப்பை எடுத்து வரலையா?" என்று கடைக்காரர் கேட்கும் அளவுக்கு அந்தச் சொல் வேரூன்றியிருக்கிறது. தடை உத்தரவின் எண்ணை அவர் சொல்ல முடியாது.

பயிற்சி வகுப்புக்கு மறுநாள், அந்தத் தொண்டு நிறுவனத்துக்கு நீண்ட கடிதம் ஒன்று எழுதினேன். ஈரம், உலர்வு என்ற இணையை நீக்கிவிட்டு மக்கும், மக்காத என்பதையே முழுவதும் வைக்க வேண்டும். அறுபது பக்கத்தைப் பதினாறாகக் குறைக்கலாம். அச்சுக்குப் போகுமுன் இளநீர்க் கடை, பூக்கடை, மீன் கடை, அடுக்ககக் காவலாளி, வீட்டு வேலைக்குப் போகும் பெண், தூய்மைப் பணியாளர் என்று ஆறு பேரோடு இரண்டு மாலைகள் உட்கார வேண்டும். அந்த இரண்டு மாலைகளுக்கு எனக்குக் கூலி வேண்டாம் என்று எழுதினேன். நேரம் இல்லை என்று முதலில் பதில் வந்தது. பத்து நாள் கழித்து, ஒரு மாலைக்கு ஒப்புக்கொண்டார்கள்.

அந்த மாலை வரும் வெள்ளிக்கிழமை. இளநீர்க் கடை அம்மாவிடம் நேரில் போய்ச் சொன்னேன். கத்தியைக் கீழே வைக்காமலே கேட்டுவிட்டு, "அன்னிக்கு அஞ்சு மணிக்கு மேலன்னா வரேன். வெயில் தாழ்ந்தாத்தான் கடையை விட்டு வர முடியும்" என்றார். கூட்டம் மூன்று மணிக்கு என்று அழைப்பில் போட்டிருந்தது. ஐந்தரைக்கு மாற்றச் சொல்லியிருக்கிறேன்.